ஐந்தாவது குப்பி

குலசேகரம் சந்தையில் எனக்கு ஒரு பேர் உண்டு: மூக்கால் சரக்கு பார்க்கிறவன். ரப்பர் பாலில் எவனாவது தண்ணீர் கலந்திருக்கிறானா, பாலை உறையவைத்த ஷீட் எத்தனை நாள் புகை கண்டிருக்கிறது, எல்லாம் முகர்ந்தே சொல்லிவிடுவேன். முப்பது வருடமாக என் கடை இந்த மூக்கை நம்பித்தான் நடக்கிறது. அந்த மூக்கேதான் என்னைக் கவிழ்த்தும் போட்டது. என் பெயர் யேசுரத்தினம். வயது ஐம்பத்தெட்டு. சபையில் கமிட்டி மெம்பர். இந்தக் கதையை எங்கள் கமிட்டியில் இருக்கிற யோவான் ஏற்கெனவே பாதி ஊருக்குச் சொல்லிவிட்டான், அதுவும் தப்புத் தப்பாக. அதனால் சரியானதை நானே எழுதிவிடுகிறேன்.

இது போன வருடம், 2011இல் நடந்தது. எனக்கு இளவயதிலிருந்தே நெஞ்செரிச்சல். மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் குழம்பும் இறங்கிய அரைமணி நேரத்தில் நெஞ்சுக்குள் அடுப்பு பற்றிக்கொள்ளும். சோடா குடித்தால் அடங்கும், மறுபடி பற்றும். என் ஏப்பம் கேட்டுத்தான் போதகர் பிரசங்கத்தை முடிக்கிறார் என்று சபையில் ஒரு பேச்சு. அதில் உண்மை இல்லை. ஏப்பம் கேட்ட பிறகும் அவர் பத்து நிமிடம் பேசுவார்.

மஸ்கட்டில் இருக்கிற மகன் ஜெனித் போனில் சொல்லிச் சொல்லி, என் மனைவி லீலாபாய் அழுது அழுது, கடைசியில் மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே கிருஷ்ணமணி என்றொரு வயிற்று டாக்டர். பூதப்பாண்டிக்காரர், கோபம் வந்தால் மெதுவாகப் பேசுகிற ரகம். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு சனிக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு போய்ப் படுத்தேன்.

அந்த அறையில்தான் குளோரியைப் பார்த்தேன். கடற்கரைக்காரி. நாற்பது வயதிருக்கும். முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் கிடையாது. தொண்டையில் ஒரு மருந்தைப் பீய்ச்சினாள், அது எட்டிக்காய்க் கசப்பு. இரண்டு நிமிடத்தில் எச்சில் விழுங்கவே தொண்டை இல்லாமல் போயிற்று. இடதுபக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையத்தைச் சொருகினாள்.

"அண்ணாச்சி, மூச்ச மூக்கால விடுங்க. எச்சி வந்தா முழுங்காண்டாம், அப்படியே ஒழுகட்டும். பத்தே நிமிசம்" என்றாள்.

குழாய் போன விதத்தை எழுத வேண்டாம், சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இருப்பார்கள். உள்ளே போனதும் டாக்டர் குழாயின் படம் தெரிகிற டி.வி.யைப் பார்த்துப் பேச்சை நிறுத்திவிட்டார். டாக்டர் பேச்சை நிறுத்தினால் நோயாளிக்கு என்ன ஆகும் என்று அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவதில்லை போலும். பிறகு நீளமான கம்பி ஒன்றைக் குழாய்க்குள் விட்டார். அதன் நுனியில் கடுகுபோல ஒரு வாய். "திற" என்றார். குளோரி தன் கையில் இருந்த பிடியை அசைத்தாள், கடுகு வாய் திறந்தது. "மூடு." மூடியது. இழுத்தார். இப்படியே திற, மூடு, திற, மூடு. எனக்கு வலி ஒன்றும் தெரியவில்லை. அவள் கை டாக்டர் வாயைவிட அரை நொடி முந்தி வேலை செய்வதை மட்டும் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்து எழுந்து உட்கார்ந்ததும் டாக்டர் எனக்கும் லீலாபாய்க்கும் விளக்கினார். முப்பது வருடமாக இரைப்பையின் அமிலம் மேலே ஏறி அடித்து, உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உள்தோல் மாறிவிட்டதாம். வெளுத்திருக்க வேண்டிய இடம் குடல்போலச் சிவந்து கிடக்கிறதாம்.

"இது புற்று இல்ல. ஆனா இப்படி மாறின தோல்ல, புற்றுக்கு முந்தின மாற்றம் எங்கயாவது ஒரு மூலைல ஒளிஞ்சு இருக்கலாம். கண்ணால பாத்தா தெரியாது. அதனால ரெண்டு சென்டிமீட்டருக்கு ஒரு தடவ, சுத்தி நாலு பக்கமும் கிள்ளி எடுத்திருக்கேன். பல்லுல இருந்து முப்பத்துநாலு, முப்பத்தாறு, முப்பத்தெட்டு, நாப்பது. நாலு இடம், நாலு குப்பி."

இது எனக்கு நன்றாகப் புரிந்தது. ரப்பர் ஷீட் அடுக்கில் மேலே கிடக்கிற ஷீட்டை மட்டும் பார்த்து விலை சொல்கிறவன் மடையன். நடுவில், அடியில், ஓரத்தில் இழுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் மேசைமேல் ஐந்து குப்பிகள் இருந்தன.

"அப்ப அஞ்சாவது குப்பி எதுக்கு டாக்டர்?"

"முப்பத்தாறுல ஒரு சின்னத் திட்டு பொங்கி நிக்கி. எனக்கு அத மட்டும் பிடிக்கல. அதத் தனியா எடுத்திருக்கேன். சொல்லப்போனா மத்த நாலையும் விட அதுதான் முக்கியம்."

லீலாபாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்தன்று பிடித்தது, பிறகு அன்றுதான்.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஒரு வழக்கம் உண்டு. கிள்ளிய சதையை நம் கையிலேயே தந்துவிடுவார்கள். நாகர்கோவில் லேபில் கொண்டு கொடுப்பது நம் பாடு. குளோரி ஐந்து குப்பிகளையும் ஒரு கவரில் வைத்துத் தந்தாள். ஒவ்வொன்றிலும் சதை கெடாமல் இருக்க விரற்கடை அளவு ஃபார்மலின், அதற்குள் நொய்யரிசிபோலச் சில துணுக்குகள்.

"நேரா லேபுக்குப் போங்க. ரெண்டு மணி வரைக்கும் இருப்பாங்க. மூடியத் திறக்கப்பிடாது. கேட்டியளா, திறக்கவே பிடாது" என்றாள்.

நான் நேராகக் கடைக்குப் போனேன். ரப்பர் விலை உச்சத்தில் நின்ற வருடம் அது. சனிக்கிழமைதான் சரக்கு வந்து குவியும். ஒரு மணி நேரம் கடையைப் பார்த்துவிட்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறலாம் என்று கணக்கு. லீலாபாய் வேண்டாம் என்றாள். அவள் வேண்டாம் என்பதைக் கேட்டு நடந்திருந்தால் நான் இந்நேரம் போதகர் ஆகியிருப்பேன்.

கடையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஞானையன் இருந்தான். கவரைப் பார்த்து, என்ன என்று கேட்டான். சொன்னேன்.

"ஒமக்க தொண்டைக்குள்ள இருந்து எடுத்ததா? காட்டும், பாப்போம்."

ஐந்தாவது குப்பியை வெளியே எடுத்தேன். டாக்டருக்கே பிடிக்காத திட்டு. முப்பது வருடம் ஊரார் சரக்கை எல்லாம் முகர்ந்து குற்றம் சொன்னவன், சொந்தச் சரக்கை முகராமல் விடலாமா? மூடியைத் திறந்து மூக்குக்குக் கொண்டுபோனேன்.

ஃபார்மலினை யாரும் முகர்ந்து பார்க்க வேண்டாம். கண்ணில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. அதோடு ஒரு தும்மல். என் தும்மல் கமிட்டி மீட்டிங்கையே கலைக்கக்கூடியது. கை ஆடியது. குப்பியில் இருந்த திரவம் முழுக்க மேசைமேல் இருந்த பில் புத்தகத்தில் கொட்டிவிட்டது. நல்லவேளை, துணுக்குகள் குப்பியின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"போச்சா?" என்றான் ஞானையன்.

"ஒண்ணும் போகல" என்றேன். "மருந்துதான கொட்டிச்சு. சதை இருக்கு."

"மருந்து இல்லாம கெடாதா?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. நான் சொன்னதுதான் நியாயம் இல்லாத பதில். என் கடையில் பின்பக்கம் பால் பீப்பாய்கள் இருக்கின்றன. ரப்பர் பால் கட்டியாகாமல், கெடாமல் இருக்க அதில் அமோனியா ஊற்றுவோம். மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். எந்த மரத்துப் பாலும் கெட்டதாக என் பேரில் இதுவரைக்கும் ஒரு புகார் இல்லை. பாலைக் காப்பாற்றுகிற அமோனியா இந்தச் சுண்டைக்காய்ச் சதையைக் காப்பாற்றாதா? பின்பக்கம் போய், அமோனியா கேனின் மூடியால் இரண்டு மூடி அளந்து குப்பியில் ஊற்றினேன்.

சாயா கொண்டுவந்த லீலாபாய் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இஞ்ச பாருங்க, அதுல எதுக்கு அமோனியா ஊத்துதிய?"

"ஏட்டி, ஒனக்கு இதெல்லாம் தெரியாது. முப்பது வருசமா பாலக் கெடாம வச்சவன் நான்."

"அது பாலு. இது நீங்க."

"ரெண்டும் வெட்டினா வடியிறதுதான்" என்றேன். ஞானையன் சிரித்தான். அவன் சிரித்ததில் எனக்குப் பெருமை வேறு.

அன்றைக்கு வந்த சரக்கில் பொழுது போய், லேபையும் பூட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். லேபில் இருந்த பெண் ஐந்தாவது குப்பியைக் கையில் வாங்கியதும் மூக்கைச் சுளித்தாள். நான் ஜன்னல் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அறையில் நானும் லீலாபாயும் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, நான்கு குப்பியிலும் தோல் மாற்றம் மட்டும்தான், அதற்கு மேல் பயப்பட ஒன்றும் இல்லை என்றார். லீலாபாய் ஸ்தோத்திரம் சொன்னாள். பக்கத்தைத் திருப்பிய டாக்டர் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

"அஞ்சாவது குப்பி கெட்டுப் போயிருக்கு. செல்லெல்லாம் கரைஞ்சு கிடக்கு, ஒண்ணும் படிக்க முடியலன்னு எழுதியிருக்கான். ஃபார்மலின்ல கிடந்த சதை மாதிரியே இல்லியாம்."

குளோரியைக் கூப்பிட்டார். அவள் வந்து நின்றாள்.

"அஞ்சாவது குப்பில என்ன ஊத்தின?"

"ஃபார்மலின்தான் டாக்டர். அஞ்சுக்கும் ஒரே கேன்ல இருந்துதான் ஊத்தினேன்."

"பக்கத்துல சலைன் குப்பி வச்சிருப்பல்லா? அத மாத்தி எடுத்து ஊத்தியிருப்ப."

"இல்ல டாக்டர்."

"அப்ப நாலு நல்லா இருந்து, ஒண்ணு மட்டும் எப்படிக் கெடும்?" என்னைப் பார்த்துத் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. வழில குப்பி கொட்டுச்சா? திறந்தியளா?"

சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். திறந்தேன், கொட்டினேன், அமோனியா ஊற்றினேன். ஆனால் அந்த அறையில் அதைச் சொன்னால் நான் யார்? மூக்கால் சரக்கு பார்க்கிற யேசுரத்தினமா, தன் தொண்டைச் சதையை ரப்பர் பால் என்று நினைத்த கோமாளியா? மனசுக்குள் இந்த விசாரணை முடிவதற்குள் வாய் பதில் சொல்லிவிட்டது.

"இல்ல டாக்டர். தந்தது தந்தபடியே கொண்டு குடுத்தேன்."

குளோரி என்னைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தாள். லீலாபாய் என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, குழம்பை என் முன்னால் வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"தொண்டைல இருக்கது என்னன்னு டாக்டருக்கே தெரியல. நாக்குல இருக்கது என்னன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. நாலு வார்த்த ஏசுவாரு, அத்தோட போச்சு."

"போகட்டு. சாப்பிடுங்க" என்று உள்ளே போனாள். குழம்பில் உப்பே இல்லை. அடுத்த ஆறு வாரமும் இல்லை.

டாக்டர் அமிலத்தைக் குறைக்க மாத்திரை தந்திருந்தார். புண் இருந்தால் சதையைப் படிக்கிறவருக்குக் குழப்பம் வரும், ஆறு வாரத்தில் புண் ஆறட்டும், பிறகு அந்தத் திட்டை மறுபடி எடுப்போம் என்றார். ஆறு வாரம் எனக்குப் பயம். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பயம். லீலாபாயின் தையல் டேப்பை எடுத்துக் கண்ணாடி முன்னால் நின்று பல்லில் இருந்து முப்பத்தாறு சென்டிமீட்டர் அளந்து பார்த்தேன். சட்டைப் பையில் பேனா குத்துகிற இடத்துக்குச் சற்றுக் கீழே வந்தது. அதற்கு அப்புறம் அந்தப் பையில் பேனா வைப்பதையே விட்டேன். ஜெபக்கூட்டத்தில் எனக்காக ஜெபித்தார்கள். யோவான்தான் எல்லாரையும்விட உரக்க ஜெபித்தான். நான் செத்தால் காலியாகிற கமிட்டி இடத்துக்கு அவன் மச்சினன் காத்திருக்கிறான்.

எங்கள் சபையில் பாவசங்கீர்த்தனம் கிடையாது. நேராக ஆண்டவரிடம் சொல்லிக்கொள்ளலாம். அது நல்ல வசதி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சொல்லிப் பார்த்தேன். அவர் டாக்டரிடம் போய்ச் சொல்கிற மாதிரித் தெரியவில்லை.

ஆறு வாரம் கழித்துப் போனபோது அறையில் குளோரி இல்லை. அஜிஷா என்று இருபது வயதுப் பெண் நின்றாள். தொண்டையில் மருந்து பீய்ச்சினாள், பாதி கன்னத்தில் பட்டது. வளையத்தை வாயில் சொருகினாள். அதற்குப் பிறகு டாக்டரிடம் சொன்னாள்:

"சார், எனக்கு இது மூணாவது கேஸ்தான். குளோரி அக்கா இருந்தா நல்லா இருந்திருக்கும்."

"அவள நிறுத்தியாச்சுல்லா. சலைனுக்கும் ஃபார்மலினுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள வச்சு என்ன செய்ய?"

நிறுத்தியாச்சு. நாலு வார்த்தை ஏசியதோடு போகவில்லை. எனக்கு அந்த நொடியில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்போல இருந்தது. உண்மையாகவே இருந்தது. ஆனால் வாயில் வளையம், தொண்டையில் மரப்பு. "டாக்டர், அது நானாக்கும்" என்றுதான் சொன்னேன். வந்தது "ஆஆ, ஆஆ, ஆஆஆ."

"பேசப்பிடாது அண்ணாச்சி" என்று தலையை அழுத்திப் பிடித்தாள் அஜிஷா. குழாய் இறங்கிவிட்டது.

ஆறு வாரம் வாய் இருந்தபோது சொல்லாதவன், வாய் போன பிறகு சொல்லப் பார்த்தேன். அதற்கான கூலி உடனே கிடைத்தது. டாக்டர் "திற" என்றார். கடுகு வாய் திறக்கவில்லை. மறுபடி "திற." திறந்தது, அதற்குள் கம்பி நழுவிவிட்டது. "மூடு, மூடு." மூடியபோது திட்டுக்குப் பக்கத்துத் தோல்தான் சிக்கியது. மூன்றாவது தடவை, நான்காவது தடவை. டி.வி. முழுக்கச் சிவப்பு. எனக்கு ஓக்காளம் வந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. கடைசியில் டாக்டர் கம்பியை வெளியே இழுத்துவிட்டார்.

"ரத்தம் வந்துட்டு. இனி இண்ணைக்கு அந்தத் திட்டத் தொட முடியாது. ரெண்டு வாரம் போகட்டு."

எழுந்து உட்கார்ந்தேன். வளையத்தை எடுத்ததும் முதலில் எச்சில் வந்தது, பிறகு உண்மை வந்தது. குரல் கரகரத்தது.

"டாக்டர், அந்தப் பிள்ள சலைன் ஊத்தல. நான் குப்பியத் திறந்து கொட்டிட்டேன். பிறகு அமோனியா ஊத்தினேன்."

"என்னது ஊத்தினிய?"

"அமோனியா. ரப்பர் பால் கெடாம இருக்க ஊத்துவோம்லா, அது."

கிருஷ்ணமணி டாக்டர் கையுறையைக் கழற்றினார். ஒரு விரல், இரண்டு விரல் என்று நிதானமாக. பேசியதும் அதே நிதானத்தில்தான்.

"பத்து வருசம் எனக்க கூட நிண்ண பிள்ளய, ஒம்ம ஒரு வார்த்தையக் கேட்டு அனுப்பியிருக்கேன். தப்பு எனக்கும் உண்டு. நான் கூப்பிட்டா அவ வரமாட்டா. நீரே போய்ச் சொல்லும்."

யாருக்கும் என்னைப் பெரிய யோக்கியனாக நினைக்கத் தோன்றக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அவளுக்கு வேலை போனது நெஞ்சைக் குத்தியது, வாஸ்தவம். ஆனால் அந்தத் திட்டைப் பிடிக்க அவள் கை வேண்டும் என்பதும் அதே நெஞ்சைத்தான் குத்தியது. எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

மறுநாள் லீலாபாய் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கினாள். இரண்டு பஸ் மாறிக் குளச்சலுக்குப் பக்கத்தில் குளோரியின் ஊருக்குப் போனோம். அவள் கணவர் சிலுவை ஆழ்கடலுக்குப் போயிருந்தார். அவள் கோயிலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு நின்றாள். என் தொண்டைக்குள் கடுகு வாயைத் திறந்து மூடிய கை, யாருடைய குடும்ப அட்டையையோ கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தது.

சொன்னேன். இந்தத் தடவை வாயில் வளையம் இல்லை, அதனால் தப்பிக்க வழியும் இல்லை. அவள் மிஷினை நிறுத்தினாள்.

"எவ்வளவு ஊத்தினிய?"

"ரெண்டு மூடி."

"எந்த மூடி?"

"கேனுக்க மூடி."

அவள் தலையை ஆட்டினாள். கணக்கு ஒத்துவந்ததுபோல ஒரு ஆட்டல். பிறகுதான் அவளுக்குக் குரல் உடைந்தது.

"எனக்குச் சோறு இறங்கல. வேல போனதுக்கு இல்ல, கேட்டீரா. நான் மாத்தி ஊத்தலன்னு எனக்குத் தெரியும். ஆனா டாக்டர் அப்படிச் சொல்லி, நீரும் அப்படிச் சொன்ன பிறகு, ஊத்தியிருப்பனோன்னு தோணிட்டு. ஒமக்கு மாத்தி ஊத்தியிருந்தா, அதுக்கு முன்ன எத்தன பேருக்கு மாத்தி ஊத்தினனோ? எவனுக்கு இருந்த புற்றுத் தீனத்த இல்லன்னு எழுதி விட்டாவளோ? கடைல சீனிய எடுத்தாலும் உப்பான்னு நக்கிப் பாத்துட்டுத்தான் போடுதேன். எனக்க கைய நானே நம்பாத ஆளா ஆக்கிப்போட்டீரே."

'நீங்க' எல்லாம் போய் 'நீரு' வந்திருந்தது. அதற்கும் கீழே இறங்கியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். முப்பது வருடம் ஊரான் சரக்கில் குற்றம் கண்டுபிடித்தே பிழைத்தவன். ஒரு குற்றமும் இல்லாத சரக்கைக் கெட்டது என்று சொல்லிவிட்டு, அதற்கு என்ன ஆயிற்று என்று ஆறு வாரம் விசாரிக்கக்கூட இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிக்கணும் மக்கா என்றேன். லீலாபாய் பழத்தை நீட்டினாள்.

"அக்கா, பழம் இருக்கட்டும். இவரு அங்க வந்து சொல்லட்டும். டாக்டருக்க ரூமுக்குள்ள இல்ல. வெளிய, வரிசைல இருக்க ஆளுவளுக்க முன்ன. என்னைப் பத்தி அங்கதான எல்லாரும் பேசினாவ. அங்க சொன்னா நான் வருவேன்."

இரண்டு வாரம் கழித்து, ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோபிக்காக வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்த இருபத்திரண்டு பேர் முன்னால் நான் எழுந்து நின்றேன். குளோரி சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பட்டினி கிடக்கிறவர்களுக்குப் பிறர் கதையில் இவ்வளவு ருசி உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. மூக்கிலிருந்து தொடங்கினேன். தும்மலுக்கு ஒரு சிரிப்பு, அமோனியாவுக்குப் பெரிய சிரிப்பு. திருவட்டாறுக்காரர் ஒருவர் எழுந்து, எத்தனை சதவீத அமோனியா என்று கேட்டார். அவருக்கும் ரப்பர் உண்டு போல. "அதனால குளோரிமேல ஒரு குத்தமும் இல்ல, பொய் சொன்னது நான்" என்று முடித்தபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் மூன்றாவது வரிசையில் ஒரு ஆள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதைப் பார்த்தேன். யோவான். அவனுக்கும் நெஞ்செரிச்சலாம். ஆண்டவருக்கு எங்கே யாரை உட்கார வைக்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும்.

உள்ளே போய்ப் படுத்தேன். குளோரி மருந்து பீய்ச்சினாள், வளையத்தைச் சொருகினாள். டாக்டர், "முப்பத்தாறு. இந்தா இருக்கு. திற" என்றார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே திறந்திருந்தது. டாக்டர் குழாய்க்குள் காற்றை உறிஞ்சினார், திட்டு தானாகவே கடுகு வாய்க்கு முன்னால் வந்து நின்றது. "மூடு." மூடியது. ஒரு பொட்டு ரத்தம். இன்னொன்று, இன்னொன்று. நான்கு கிள்ளல், நான்கும் திட்டின் நடுவில். டாக்டர் மூச்சு விட்டார்.

குப்பியின் மூடிமேல் குளோரி பிளாஸ்திரியை மூன்று சுற்றுச் சுற்றினாள். நான் கையை நீட்டினேன். அவள் அதை என்னைத் தாண்டி லீலாபாயிடம் கொடுத்தாள். லீலாபாய் அதை நாகர்கோவில் வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் தள்ளி உட்காரவைத்தாள்.

ரிப்போர்ட் வந்தது. டாக்டர் இரண்டாம் பக்கத்தை முதலில் படித்தார். திட்டில் புற்றுக்கு முந்தின மாற்றம் இருக்கிறது. ஆரம்ப நிலை. இன்னொரு டாக்டரும் அந்தச் சதையைப் பார்த்து அதையே சொல்லியிருக்கிறார். புற்று இல்லை. ஆனால் விட்டுவைத்தால் ஆகக்கூடும்.

"திருவனந்தபுரத்துல ஒரு ஆஸ்பத்திரில வயித்தக் கீறாம, குழாய் வழியாவே வளையம் போட்டு அந்தத் திட்டச் சீவி எடுத்துருவாங்க. பிறகு ஆறு மாசத்துக்கு ஒருக்க வந்து பாக்கணும். நல்ல சமயத்துல பிடிச்சிருக்கோம்" என்றார் டாக்டர். லீலாபாய் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஏப்பம்போல மறைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் குளோரி நின்றாள். ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினாள். என் தலையெழுத்து இருந்த இரண்டாம் பக்கத்தை அவள் திருப்பவே இல்லை. முதல் பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்துப் படித்தாள். மாதிரி போதுமான அளவில் உள்ளது, நல்ல முறையில் பதப்படுத்தப்பட்டுள்ளது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. மறுபடியும் படித்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைபோல மூன்றாவது தடவையும் படித்தாள்.

"ரெண்டாம் பக்கத்துல என்ன?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

"சீவி எடுத்துருவாங்க. பயப்படாதீங்க, நான் பாத்திருக்கேன்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "அண்ணாச்சி, இந்த மொதல் பக்கத்த எனக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தருவியளா?"

ரோட்டைத் தாண்டிக் கடைக்குப் போய் எடுத்து வந்தேன். அவள் அதை நான்காக மடித்து, பர்சில் கணவர் சிலுவையின் போட்டோவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டாள்.